தேக்கிலையில் ஒரு நீள ஓட்டை

"மரங்கொத்தி ஒருத்தர் இருக்கிறதாலதான் நம்ம காடு பச்சையா இருக்கு. மத்தவங்க எல்லாம் சும்மா நிக்கிறாங்க!"

இரண்டு முயல்கள் இப்படிப் பேசிக்கொண்டே இரட்டைப்பாறைக் கணவாயைக் கடந்துபோயின. சொன்னது பெரிய முயல். "ஆமா, ஆமா!" என்று சிரித்தது சின்ன முயல். பாறைக்குப் பின்னால் கீரி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது அவற்றுக்குத் தெரியாது.

கீரியின் வாயிலிருந்த தண்ணீர் உள்ளே இறங்கவில்லை.

'நானா சும்மா நிற்கிறேன்? காலையிலிருந்து நாற்பது மூட்டை பிரித்திருக்கிறேன். நாற்பதையும் திரும்பக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். இடுப்பு நிமிரவில்லை. நானா சும்மா நிற்கிறேன்?'

முயல்கள் போய் வெகுநேரம் ஆன பிறகும் கீரி அங்கேயே நின்றது.

அந்தக் கணவாய்க்கு ஒரு பக்கம் தேக்கங்காடு. மறுபக்கம் மூங்கில்காடு. நடுவே நீளமான மலை. ஒரு காலத்தில் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் மலை ஏறி வந்தார்கள். ஒரு கோடையில் வைக்கோல் கட்டுக்குள் ஒளிந்து வந்த விரியன் பாம்பு தேக்கங்காட்டில் ஒன்பது பேரைக் கடித்தது. அதன்பிறகுதான் யானைத் தலைவி கணவாயில் காவல் வைத்தது.

காவலில் நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை.

காட்டெருமை மலையின் முதுகில் சுற்றி வரும். கணவாயை விட்டு வேறு வழியில் யாரும் ஏறி வராமல் பார்க்கும்.

கணவாய்க்கு வருபவர்களை முதலில் மறிப்பது மைனா. "யாரு? எங்கிருந்து வர்றீங்க? யார் வீட்டுக்கு? எத்தனை நாள் தங்குவீங்க?" எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்தால் ஒரு தேக்கிலையின் நுனியைக் கிள்ளி அவர்கள் கையில் கொடுக்கும்.

அடுத்தது கீரி. மூட்டையைப் பிரிக்கும். அடிவரை மோந்து பார்க்கும். கொண்டுவரக் கூடாதது எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்றால் இலையின் ஓரத்தில் பல் பதிக்கும்.

மூட்டையில் கட்டையோ, விதையோ, காயோ, கிழங்கோ இருந்தால் வேலை அதோடு முடியாது. கீரி அதைத் தட்டைக்கல்லின் மேல் எடுத்து வைக்க வேண்டும். ஒரு சீழ்க்கை அடிக்க வேண்டும். அதைக் கேட்டதும் மரங்கொத்தி இறங்கி வரும். அலகால் தட்டும். காதை வைத்துக் கேட்கும். உள்ளே புழு இல்லை, வண்டு இல்லை என்றால் இலையின் நடுவே வட்டமாக ஓர் ஓட்டை போடும்.

சீழ்க்கை கேட்காமல் மரங்கொத்தி வராது. கூப்பிடாத மூட்டைக்கு யாரும் போகக் கூடாது என்பது கணவாய் வழக்கம்.

கணவாயைத் தாண்டும்போது இலையை மைனாவிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மைனா அதை முள்ளில் கோத்துப் பாறை இடுக்கில் பத்திரமாக வைக்கும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஒன்றைத் தவிர.

மரங்கொத்தியின் வேலை மெதுவான வேலை. டொக். காது வைக்கும். டொக் டொக். மறுபடி காது வைக்கும். பிறகு, "அண்ணே, கட்டையைக் கொஞ்சம் புரட்டிப் பிடிங்க. அடிப்பக்கமும் கேட்டுடறேன்" என்று கீரியிடம் சொல்லும். கீரி மூச்சுப் பிடித்துப் புரட்டும். அதற்குள் வரிசை மலையடிவாரம் வரை நீண்டுவிடும்.

அப்போது திட்டு யாருக்கு விழும்? கீரிக்குத்தான்!

"ஏ கீரி! வெயில்ல நிக்க வெச்சு வத்தல் போடறியா?"

"என் மூட்டையை மோந்து பார்க்க நீ யாருப்பா? உனக்கெல்லாம் வெக்கமே கிடையாதா?"

அதே வாயால் மரங்கொத்தியைப் பார்த்து, "வைத்தியரே, நல்லாத் தட்டிப் பாருங்க! நாங்க காத்திருக்கோம்!" என்பார்கள்.

அன்று மாலை கீரி நேராக மைனாவிடம் போனது.

"அக்கா, ஊர்ல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? மரங்கொத்தி ஒருத்தர்தான் வேலை பார்க்கிறாராம். நாம சும்மா நிக்கிறோமாம்."

மைனாவின் மஞ்சள் அலகு விரிந்தது. "எனக்கு மட்டும் என்ன மாலையா போடறாங்க? போன வாரம் ஒரு ஆமை என்னைத் திட்டிச்சு. 'உன் கேள்விக்குப் பதில் சொல்லியே வாய் வலிக்குது'ன்னு. ஆமைப்பா! அது திட்டி முடிக்கவே மத்தியானம் ஆயிடுச்சு."

"அதுல அந்தச் சிவப்புக் கொண்டை வேற."

"ஆமா, கொண்டை! தலையை ஆட்டி ஆட்டித் தட்டும்போது பாரு, எல்லார் கண்ணும் அது மேலதான்."

இரண்டும் அண்ணாந்து பார்த்தன. கணவாய் ஓரத்து உயரமான மரத்தில் மரங்கொத்தி தன் பொந்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. கீழே இருவரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு, "என்னண்ணே, என்னக்கா, வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டது.

"முடிஞ்சுது, முடிஞ்சுது" என்றன இரண்டும், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

நான்கு நாள் கழித்துக் காட்டெருமை மலையிலிருந்து இறங்கி வந்தது. அதனிடம் ஒரு செய்தி இருந்தது.

"மழைக்காலம் முடிஞ்சதும் தலைவி இங்கே வர்றாங்க. மூணு பேரும் மூணு பக்கம் பார்க்கிறதால வரிசை நகரமாட்டேங்குதாம். இனிமே ஒருத்தர்தான் தலைமையாம். அவங்களை அந்த மேட்டுப்பாறை மேல உட்கார வைக்கப்போறாங்களாம். மத்தவங்க அவங்க சொல்றதைக் கேக்கணுமாம்."

"யாரை உட்கார வைப்பாங்க?" என்றது கீரி. குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

"எனக்கென்ன தெரியும்? எனக்கு மேடும் பள்ளமும்தான் தெரியும்." காட்டெருமை வாலால் ஈயை விரட்டியது. "ஊரெல்லாம் மரங்கொத்தின்னுதான் பேச்சு."

அன்றிலிருந்து கீரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூட்டை பிரிக்கும்போதும் கண் மேட்டுப்பாறை மேலேயே இருந்தது. அதன் மேல் மரங்கொத்தி உட்கார்ந்திருப்பதுபோல் தெரிந்தது. தான் கீழே நின்று, "சொல்லுங்க வைத்தியரே, எந்த மூட்டையைப் பிரிக்கட்டும்?" என்று கேட்பதுபோல் தெரிந்தது.

ஒருநாள் மரங்கொத்தி இரை தேடப் போயிருந்தது. தட்டைக்கல்லில் ஒரு விறகுத்துண்டு கிடந்தது. கீரி சுற்றும் முற்றும் பார்த்தது. நகத்தால் அதைத் தட்டியது. டக். காதை வைத்தது. ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு முறை தட்டியது. டக்.

'இவ்வளவுதானா? இதற்கா இத்தனை பேர்?' என்று நினைத்தது கீரி. 'ஒன்றும் கேட்கவில்லை என்றால் உள்ளே ஒன்றும் இல்லை. இதைச் சொல்ல ஒரு கொண்டை வேண்டுமா?'

கோடை உச்சத்தில் இருந்தது. மூங்கில்காட்டிலிருந்து ஒரு மந்தி வந்தது. தலையில் ஒரு பெரிய மூட்டை. முகமெல்லாம் வேர்வை. முகமெல்லாம் சிரிப்பும்கூட.

"யாரு?" என்றது மைனா.

"மூங்கில்காட்டு மந்தி."

"யார் வீட்டுக்கு?"

"என் பொண்ணு வீட்டுக்கு. இங்கே மாந்தோப்புல வாக்கப்பட்டிருக்கா. பிள்ளையுண்டாயிருக்கா. சீர் கொண்டுபோறேன்."

"எத்தனை நாள்?"

"மாப்பிள்ளை முகம் சுளிக்கிற வரைக்கும்!"

மைனாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இலை நுனியைக் கிள்ளிக் கொடுத்தது.

கீரி மூட்டையைப் பிரித்தது. ஒரு தேன்கூடு. நான்கு மயிலிறகு. அதன் அடியில் குடைந்து செய்த தொட்டில் ஒன்று. ஒரே மாங்கட்டையைக் குடைந்து, ஓரமெல்லாம் பல்லால் கடித்துக் கடித்து வழவழப்பாக்கியிருந்தது மந்தி.

"நானே செஞ்சது. மூணு மாசம் ஆச்சு" என்றது.

கட்டை என்றால் தட்டைக்கல். தட்டைக்கல் என்றால் சீழ்க்கை. கீரி தொட்டிலைத் தூக்கிக் கல்லின் மேல் வைத்தது. உதட்டைக் குவித்தது.

மரங்கொத்தி பொந்துக்குள் முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. பெட்டை இரை தேடப் போயிருந்தது. உள்ளேயிருந்து பார்த்தால் கீழே நடப்பது எதுவும் தெரியாது. காது மட்டும் சீழ்க்கைக்காகத் திறந்திருந்தது.

வரிசையில் மந்திக்குப் பின்னால் ஏழெட்டு பேர் நின்றார்கள். 'இதைக் கூப்பிட்டால் அரைநாள் போகும்' என்று நினைத்தது கீரி. 'இவர்கள் எல்லாரும் என்னைத் திட்டுவார்கள். அதை வாழ்த்துவார்கள். மழை முடிந்ததும் அது பாறையில் ஏறி உட்காரும். கூப்பிடாவிட்டால் என்ன?'

குவித்த உதடு பிரிந்தது. சீழ்க்கை வரவில்லை.

கீரி நகத்தால் தொட்டிலைத் தட்டியது. டக். காதை வைத்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"நல்ல கட்டை" என்றது.

இலை ஓரத்தில் தன் பல்லைப் பதித்தது. ஆனால் கட்டை கொண்டுபோகிறவர் இலையில் நடு ஓட்டை இல்லாவிட்டால் மைனா விடாது. கீரி இலையை மடித்தது. கோரைப் பல்லால் நடுவில் ஒரு குத்துக் குத்தியது. மந்தி அப்போது மயிலிறகுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தது. கவனிக்கவில்லை.

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" மந்திக்கு நம்ப முடியவில்லை. "இங்கே அரைநாள் நிக்கணும்னு எல்லாரும் பயமுறுத்தினாங்களே! நீங்க நல்லா இருக்கணும் அண்ணே! உங்க மாதிரி ஒருத்தர் போதும்!"

கீரியின் வாழ்க்கையில் கணவாயில் கிடைத்த முதல் வாழ்த்து அது. வாலின் மயிர்கூட உப்பிக்கொண்டது.

மந்தி இலையை மைனாவிடம் கொடுத்தது. மைனா இலையைப் பார்த்தது. நுனி சரி. ஓரம் சரி. நடுவே...

ஓட்டை வட்டமாக இல்லை. நீளமாக இருந்தது. ஓரம் பிசிறியிருந்தது.

மைனா கீரியைப் பார்த்தது. கீரி வானத்தைப் பார்த்தது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

'யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்ப்பதுதான் என் வேலை' என்று மைனா தனக்குள் சொல்லிக்கொண்டது. 'ஓட்டை வட்டமா நீளமா என்று பார்ப்பது என் வேலையா?' அதற்கும் அடியில் வேறொரு நினைப்பு இருந்தது. மரங்கொத்தியின் பெயரில் ஏதாவது கோளாறு வந்தால் மேட்டுப்பாறைக்கு வேறு ஆள் தேவைப்படும். அந்த நினைப்பை மைனா உற்றுப் பார்க்கவில்லை. இலையை முள்ளில் கோத்தது.

"போய்ட்டு வாங்கம்மா!" என்றது மந்தியிடம்.

மறுநாள் கீரிக்குக் கொஞ்சம் பயம் வந்தது. அதன்பிறகு கட்டை வந்தபோதெல்லாம் ஒழுங்காகச் சீழ்க்கை அடித்தது. ஒரு தொட்டில்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டது.

மாந்தோப்பில் பேரன் பிறந்தான். மகளான சின்ன மந்தி தொட்டிலைத் தோப்பின் நடு மரத்தில் கட்டியது. குழந்தையைக் கிடத்தியது. தொட்டிலுக்குள்ளிருந்து கறுக், கறுக் என்று ஒரு சத்தம் கேட்டது.

"பாரும்மா, உன் பேரன் இப்பவே பல்லைக் கடிக்கிறான்!" என்றது சின்ன மந்தி.

பாட்டியான மந்திக்கு ஒரே பூரிப்பு. ஒரு மாதம் இருந்து, மாப்பிள்ளை முகம் சுளிக்கும் முன்பே மூங்கில்காட்டுக்குத் திரும்பியது.

குழந்தைக்கு அப்போது பல்லே முளைக்கவில்லை.

மழை வந்தது. தொட்டிலின் பக்கவாட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள் விழுந்தன. அவற்றிலிருந்து நீள மீசை வைத்த வண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மாமரங்களின் பட்டை இடுக்கில் முட்டை வைத்தன. மழை நின்றபோது மரங்களின் அடியில் மரத்தூள் உதிர்ந்து கிடந்தது. பிறகு கிளைகள் நுனியிலிருந்து காய ஆரம்பித்தன. பதினேழு மரங்கள் முழுக்கக் காய்ந்தன. கோடையில் காடு முழுவதற்கும் பழம் கொடுத்த தோப்பு அது.

யானைத் தலைவி வந்தது. கணவாய்க்குப் போகும் முன் தோப்புக்குத்தான் போனது. பிறகு சின்ன மந்தியையும் தொட்டிலையும் கூட்டிக்கொண்டு கணவாய்க்கு வந்தது. பின்னாலேயே காடு முழுவதும் வந்தது.

தலைவி தொட்டிலைத் தட்டைக்கல்லில் வைத்து, காலால் ஓர் அழுத்து அழுத்தியது. கட்டை இரண்டாகப் பிளந்தது. உள்ளே வழி வழியாகக் குடைந்து கிடந்தது. மந்தியின் விரல் தடிமனில் இரண்டு வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன.

"இது எப்படி உள்ளே வந்தது?" என்றது தலைவி. "மைனா! இந்தத் தொட்டிலின் இலையை எடு."

மைனா பாறை இடுக்குக்குப் போனது. போனதை விடத் திரும்பி வர அதிக நேரம் ஆனது. காய்ந்த தேக்கிலையைத் தலைவியின் முன் வைத்தது.

"நுனி கிள்ளியிருக்கிறது. ஓரத்தில் பல் இருக்கிறது. நடுவே ஓட்டையும் இருக்கிறது" என்றது தலைவி. "மரங்கொத்தி! என்ன சொல்கிறாய்?"

மரங்கொத்தி முன்னால் வந்தது. தொட்டிலைப் பார்த்தது. புழுவைப் பார்த்தது. "தலைவி, இந்தக் கட்டையை நான் தட்டவே இல்லை. எனக்குச் சீழ்க்கை கேக்கலை."

"அப்போ இலையில் ஓட்டை எப்படி வந்தது?"

"தெரியலை."

கூட்டம் சலசலத்தது.

"வைத்தியராம் வைத்தியர்!" என்று கத்தியது பெரிய முயல். "தட்டினதெல்லாம் வேஷம்!"

"கொண்டையை ஆட்டி ஆட்டியே நம்மை ஏமாத்திடுச்சு!" என்றது சின்ன முயல்.

"தட்டிப் பார்த்தும் புழுவைத் தவறவிட்டிருந்தால் தப்பு" என்றது தலைவி. "பார்க்காமலே ஓட்டை போட்டிருந்தால் அதைவிடப் பெரிய தப்பு. இரண்டில் ஒன்றைச் செய்துவிட்டு இல்லை என்று சொல்வது எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு. காட்டெருமை! பொழுது சாய்வதற்குள் இதை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடு. இனி இந்தக் காட்டில் இதற்கு இடமில்லை."

காட்டெருமை தலையைக் குனிந்துகொண்டு வந்து மரங்கொத்தியின் பக்கத்தில் நின்றது.

மரங்கொத்தி அழவில்லை. "அனுப்பறதுன்னா அனுப்புங்க தலைவி. பத்து நாள் மட்டும் கொடுங்க. தோப்புல இன்னும் நாற்பது மரம் நிக்குது. எதுக்குள்ள புழு இருக்குன்னு தட்டிச் சொல்லிட்டுப் போயிடறேன். இல்லைன்னா எல்லாமே போயிடும்."

"பொய் சொன்ன காதை எப்படி நம்புவது?" என்றது தலைவி.

கீரி கூட்டத்தின் ஓரத்தில் நின்றது. அது ஆசைப்பட்டதெல்லாம் நடந்துகொண்டிருந்தது. மேட்டுப்பாறை காலியாக இருந்தது. பக்கத்தில் பெரிய முயல், "இனிமே கீரியண்ணன்தான்! பாவம், இத்தனை நாளா எல்லா மூட்டையையும் ஒழுங்காப் பிரிச்சது அவர் ஒருத்தர்தான்!" என்று சொல்லிக்கொண்டிருந்தது. இந்த வார்த்தைகளுக்காகத்தான் கீரி ஒரு கோடை முழுக்க ஏங்கியது. இப்போது அவை காதில் எறும்பு புகுந்ததுபோல் இருந்தன.

அப்போது சின்ன மந்தி குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு பேசியது.

"தலைவி, எனக்கு ஒண்ணுதான் புரியலை. கணவாயில அன்னைக்கு ஒரே நிமிஷத்துல விட்டுட்டாங்கன்னு எங்கம்மா சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாங்க. மரங்கொத்தி அண்ணன் தட்டியிருந்தா ஒரு நிமிஷத்துல எப்படி முடியும்?"

எல்லாரும் அந்த வரிசையில் நின்றவர்கள்தான். எல்லாருக்கும் அந்த அரைநாள் தெரியும்.

தலைவி மெதுவாகத் திரும்பி மைனாவைப் பார்த்தது. மைனா தன் கால்விரலைப் பார்த்தது.

கீரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடுவே வந்தது. கீழே கிடந்த புது தேக்கிலை ஒன்றை எடுத்தது. மடித்தது. கோரைப் பல்லால் நடுவில் ஒரு குத்துக் குத்தியது. பிரித்து, காய்ந்த இலையின் பக்கத்தில் வைத்தது.

இரண்டு ஓட்டைகளும் நீளமாக இருந்தன. இரண்டின் ஓரமும் பிசிறியிருந்தது.

"நான்தான்" என்றது கீரி. "சீழ்க்கை அடிக்கலை. நகத்தால தட்டிட்டு விட்டுட்டேன். மலைக்கு அந்தப் பக்கம் என்னைக் கொண்டுபோய் விடுங்க. மரங்கொத்தியை விட்டுடுங்க."

"ஏன் அப்படிச் செய்தாய்?"

"எல்லாரும் அதைப் புகழ்ந்தாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மைனா ஒரு தத்துத் தத்தி முன்னால் வந்தது. "அந்த ஓட்டை நீளமா இருந்ததை நான் அன்னைக்கே பார்த்தேன் தலைவி. தெரிஞ்சேதான் கோத்து வெச்சேன். எனக்கும்... அந்தக் கொண்டையைப் பார்த்தாலே எரிஞ்சுது."

மரங்கொத்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. "என் கொண்டையா?" என்றது. அதற்கு உண்மையாகவே புரியவில்லை. "அது தானா முளைச்சது அக்கா."

யாரோ சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை. நீண்ட மூச்சு ஒன்று விட்டது. தரையிலிருந்து புழுதி எழும்பியது.

"உங்கள் இருவரையும் விரட்டத்தான் மனம் சொல்கிறது. ஆனால் கீரி போனால் வைக்கோல் கட்டை யார் மோந்து பார்ப்பது? மைனா போனால் வருகிறவர் யார் என்று யார் கேட்பது? மரங்கொத்திக்கு மூட்டை பிரிக்கத் தெரியுமா? தெரியாது. அதன் காது இருந்தும் உன் சீழ்க்கை இல்லாமல் பதினேழு மரம் போய்விட்டது." பிறகு முயல்களின் பக்கம் திரும்பியது. "நீங்கள் காலையில் ஒருவரை வைத்தியர் என்கிறீர்கள். மத்தியானம் வேஷக்காரர் என்கிறீர்கள். மரங்கொத்தியைப் புகழ வேண்டுமென்றால் தாராளமாகப் புகழுங்கள். அதற்கு மற்றவர்களை ஏன் சும்மா நிற்கிறவர்கள் ஆக்குகிறீர்கள்?"

முயல்கள் காதை மடக்கிக்கொண்டன. அன்று தாங்கள் பேசியது தலைவிக்கு எப்படித் தெரிந்தது என்று அவற்றுக்கு விளங்கவில்லை. அது அன்று ஒருநாள் பேசிய பேச்சு அல்ல. தினமும் பேசிய பேச்சு. காடு முழுக்கத் தெரியும்.

தலைவி மேட்டுப்பாறைக்கு அருகே போனது. நெற்றியைக் கொடுத்து முட்டியது. பாறை அசைந்தது. உருண்டது. தடதடவென்று இறங்கி வந்து தட்டைக்கல்லின் பக்கத்தில் நின்றது.

"இதன் மேல் யாரும் உட்கார வேண்டாம். தட்டைக்கல்லில் இடம் போதாதபோது மூட்டையை இதில் வையுங்கள்" என்றது. "பத்து நாள் இல்லை, எத்தனை நாள் ஆனாலும் சரி. மூன்று பேரும் தோப்புக்குப் போங்கள். அதுவரை கணவாய் அடைத்திருக்கும். என் பிள்ளைகள் காவல் நிற்பார்கள்."

நாற்பது மரங்கள். மரங்கொத்தி தட்டியது. கேட்டது. "இங்கே" என்றது. கீரி அந்த இடத்தில் பட்டையைக் கீறிப் புழுவை வெளியே இழுத்தது. எந்த மரம் பார்த்தாயிற்று, எந்த மரம் பாக்கி என்று மைனா நினைவில் வைத்துக்கொண்டு சொன்னது. இருபத்திரண்டு நாள் ஆயிற்று. புழு தின்று தின்று கீரிக்கு வாய் கசந்துபோனது. ஒரு கட்டத்தில் கீரி தானே ஒரு மரத்தைத் தட்டிக் காதை வைத்தது. ஒன்றும் கேட்கவில்லை. மரங்கொத்தி அதே இடத்தில் தட்டியது. "மூணு இருக்கு" என்றது. கீரி கீறியது. மூன்று இருந்தன.

முப்பத்தாறு மரங்கள் பிழைத்தன.

பக்கத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும் பெயரைப் பொறுக்காமல் அவர் வேலையை மறிப்பவர், எல்லாரும் சேர்ந்து காக்கும் வாசலைத் தன் கையாலேயே திறந்துவிடுகிறார்.

அடுத்த கோடையில் மூங்கில்காட்டு மந்தி மறுபடியும் வந்தது. தலையில் மறுபடியும் ஒரு தொட்டில். இந்த முறை பலாக்கட்டை. மைனா கேட்டதற்கெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பதில் சொன்னது. கீரி மூட்டையைப் பிரித்தது. தொட்டிலைக் கல்லின் மேல் வைத்தது. சீழ்க்கை அடித்தது.

மரங்கொத்தி இறங்கி வந்தது. டொக். காது வைத்தது. டொக் டொக். மறுபடி காது வைத்தது. வெயில் ஏறியது. வரிசை மலையடிவாரம் வரை நீண்டது.

"ஏ கீரி! எங்களை இங்கேயே காய வெச்சுடுவியா?" என்று பின்னாலிருந்து ஒரு காட்டுப்பன்றி கத்தியது.

"நீங்க அவசரப்படாதீங்க வைத்தியரே! நல்லாத் தட்டிப் பாருங்க!" என்றது வரிசையில் நின்ற பெரிய முயல்.

மரங்கொத்தி தலையை நிமிர்த்தியது. "அண்ணே..." என்று ஆரம்பித்தது.

அது சொல்லி முடிப்பதற்குள் கீரி தொட்டிலைப் புரட்டி, அடிப்பக்கம் மேலே வரும்படி பிடித்துக்கொண்டது.